சித்தூர் எல்லைப் பள்ளிக்கூடத்தின் வரலாறு எழுதுகிறோம், தமிழ் டிவிஷனில் படித்தவர்கள் நினைவிருப்பதைச் சொல்லுங்கள்

பனங்காட்டுக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சித்தூர் என்றதும் பாதிப் பேர் ஆந்திராச் சித்தூரை நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். கொழிஞ்சாம்பாறை போகிற ரோட்டில் டவுன் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் (இப்போது அங்கே வயல் இல்லை, எல்லாம் வீட்டுமனை) இருக்கிற அரசு ஹை ஸ்கூல். பெயர் போடவில்லை, படித்தவர்களுக்கு ரோட்டைச் சொன்னாலே போதும்.

பள்ளிக்கு ஆண்டு விழா மலர் போடுகிறார்கள், வரலாற்றுப் பகுதியை எழுதும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். முதல் வரைவு போன வாரம் கைக்கு வந்தது. புதுக் கட்டடம், லேப், ஆடிட்டோரியம், ஸ்மார்ட் கிளாஸ் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. தமிழைப் பற்றி ஒரே வரி: "இங்கு தமிழ் மீடியமும் செயல்பட்டு வருகிறது." அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்றால் எங்கள் பாட்டி சொன்ன கதை வேறு. இது எல்.பி. ஸ்கூலாக (தொடக்கப் பள்ளி) இருந்து யூ.பி. (நடுநிலைப் பள்ளி) ஆகி, ஹை ஸ்கூல் வேண்டும் என்று ஊர் கேட்டபோது, இடமும் கட்டடமும் ஊர்க்காரர்கள் கொடுத்தால் பார்க்கலாம் என்று பதில் வந்ததாம். வண்டி வைத்திருந்த தமிழ்க் குடியானவர்கள் பயிர் வேலை இல்லாத மாதங்களில் மாட்டு வண்டியில் கருங்கல் அடித்தார்கள். மலையாளத்துக்காரர் ஒருவர் நிலம் விட்டுக்கொடுத்தார். கல்லுக் கட்டடம் எழும்பும் வரை பனையோலைக் கொட்டகை. எங்கள் தாத்தா கொட்டகைக்கு ஓலை வெட்டிக் கொடுத்தவர், அவர் படித்தது என்னவோ மூன்றாம் வகுப்பு வரைதான். அப்படி வந்த ஹை ஸ்கூலில் தொடக்கத்திலிருந்தே ஏ டிவிஷன் மலையாளம், பி டிவிஷன் தமிழ். இரண்டும் ஒரே கொட்டகை, நடுவில் ஒரு மூங்கில் தட்டி.

ஹெச்.எம். ரூமில் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது. பி டிவிஷனிலிருந்து முதன்முதலில் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் என்று பழைய டீச்சர்கள் சொல்கிறார்கள். மூன்று வரிசை, முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் தாவணி. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், ஒருத்தர் பெயரும் எழுதியில்லை. எந்த வருஷம் என்பதும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போட்டோவைச் செல்லில் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன், கண்ணாடி பளபளப்பதால் கொஞ்சம் தெளிவில்லாமல்தான் வந்திருக்கிறது.

---

ரிட்டயர்டு டீச்சர் எழுதியது:

தம்பி, நல்ல காரியம். உங்கள் பள்ளியில் நான் வேலை பார்த்ததில்லை, பக்கத்துப் பஞ்சாயத்தில் தமிழ் மீடியத்தில் 27 வருஷம் இருந்தேன். வரலாறு எழுதும்போது 1956க்கு முன்னால் என்ன இருந்தது என்பதையும் கொஞ்சம் சேருங்கள், இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது. பாலக்காடு டவுன் மதராஸ் மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. சித்தூரோ கொச்சி ராஜா சீமை. பஸ்ஸில் அரை மணி தூரத்துக்குள் இரண்டு ஆட்சி, இரண்டு கல்வி இலாகா. 1956 நவம்பர் 1ஆம் தேதி கேரளம் உண்டான பிறகுதான் எல்லாம் ஒன்றாகி, 1957 ஜனவரி 1ஆம் தேதி பாலக்காடு ஜில்லா வந்தது. எங்கள் அப்பா படிப்பைச் சொல்லும்போது "நாலாம் ஃபாரம்" என்றுதான் சொல்வார். நாங்கள் எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணினோம்.

பொள்ளாச்சியில் என் மாமா பிள்ளைகளுக்கு அப்போது 11 வருஷம் முடித்துத்தான் எஸ்.எஸ்.எல்.சி., இங்கே எங்களுக்குப் பத்து முடித்தால் எஸ்.எஸ்.எல்.சி., அதற்கப்புறம் காலேஜில் இரண்டு வருஷம் ப்ரீ டிகிரி. கல்யாணத்தில் சந்தித்தால் யார் யாருக்கு மூத்த வகுப்பு என்பதே சண்டையாகும். 1978ல் அங்கே ப்ளஸ் டூ வந்த பிறகுதான் கணக்கு சரியானது. 1947ல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் இலக்கியமும் உண்டு. என்னைப் போல எத்தனையோ பேர் ஹை ஸ்கூலில் தமிழ், காலேஜில் தமிழ், பிறகு பி.எஸ்.சி. (அரசுப் பணித் தேர்வாணையம்) பரீட்சை எழுதி அதே ஹை ஸ்கூலுக்குத் தமிழ் டீச்சர் என்று ஒரு வட்டம் சுற்றி வந்தோம். ஒரு ஹை ஸ்கூல் எப்படி வளர்ந்தது என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த வட்டத்தைத்தான் சொல்வேன்.

இப்போது வேதனையான பக்கத்துக்கு வருகிறேன். கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை டீச்சர் என்பதெல்லாம். மலையாள டிவிஷனில் இரண்டு பிள்ளை குறைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, வேறு டிவிஷன் இருக்கும். தமிழில் இருப்பதே ஒரு டிவிஷன்.

ஒரு வருஷம் நல்ல மழை. ஆறாவது நாள் காலையில் ரெஜிஸ்டரைப் பார்த்தால் அண்ணனும் தங்கையுமாக இரண்டு பிள்ளைகள் வரவில்லை. தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்துக்கு அப்பால் பாட்டி வீட்டில் தங்கிவிட்டார்கள் என்று சொன்னார்கள். செக்போஸ்டில் லாரி வரிசை. ஆட்டோ உள்ளே போக வழியில்லை. நான் இறங்கிக் குடையோடு நடந்தே போய் அந்தப் பாட்டியிடம் விஷயத்தைச் சொல்லி, பிள்ளைகளை எழுப்பித் தலை துவட்டிக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆபீஸிலிருந்து வந்தவர் எண்ணி முடித்து நோட்டை மூடப்போகும்போது வகுப்புக்குள் நுழைந்தோம். அந்தப் பெண்ணின் பாவாடை ஓரத்தில் சேறு சொட்டுகிறது. "இவங்க ரெண்டு பேரையும் சேர்த்துக்குங்க சார்" என்றேன். சேர்த்துக்கொண்டார். அந்த வருஷம் டிவிஷன் தப்பித்தது. இதெல்லாம் எந்த மலரிலும் வராது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

---

நகரித் தறிக்காரர் எழுதியது:

நான் நிஜமாகவே ஆந்திராச் சித்தூர் மாவட்டம்தாங்க. தலைப்பைப் பார்த்து எங்கள் ஊரைப் பற்றித்தான் யாரோ எழுதுகிறார்கள் என்று உள்ளே வந்தேன். படித்துப் பார்த்தால் ஊர்தான் வேறு, கதை ஒன்று.

எங்கள் சித்தூர் 1911ல் தனி ஜில்லா ஆவதற்கு முன்னால் வட ஆற்காட்டுக்குள் இருந்தது. 1953ல் ஆந்திரா பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி மதராஸ் மாநிலத்துக்கு வந்தது. நகரி, புத்தூர் இங்கேயே நின்றுவிட்டது. என் அத்தை வீடு திருத்தணி, எங்கள் வீடு நகரி. அவர்கள் பிள்ளைகள் எழுதியது ஒரு பரீட்சை, நாங்கள் எழுதியது எஸ்.எஸ்.சி.

நான் படித்தது ஜில்லா பரிஷத் ஐஸ்கூல். தெலுங்கு மீடியம் ஒரு பக்கம், தமிழ் மீடியம் ஒரு பக்கம். வீட்டில் தறிச் சத்தம், அதனால் ராத்திரி ஸ்கூல் திண்ணையில் உட்கார்ந்துதான் படிப்போம், வாட்ச்மேன் தாத்தா லைட்டை அணைக்க மாட்டார். பாடமெல்லாம் பத்து வரை தமிழில் படித்துவிட்டு இன்டர் (உங்கள் ப்ளஸ் டூ மாதிரி) போன என் தம்பி, பிசிக்ஸ் புத்தகத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து அழுதது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

2019 நவம்பர் 14ல் "நாடு-நேடு" என்று அரசுப் பள்ளிகளைச் சீர்செய்யும் திட்டம் ஆரம்பித்தார்கள். அன்று, இன்று என்று அர்த்தம். பெஞ்சு, கழிவறை, குடிநீர், பெயின்ட் எல்லாம் வந்தது, நன்றாகவே செய்தார்கள், அதை மறைத்துப் பேசக்கூடாது. அதே மாதம் எல்லா அரசுப் பள்ளியும் இங்கிலீஷ் மீடியம் என்று உத்தரவும் வந்தது. 2020 ஏப்ரலில் ஐகோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் கோர்ட் ரத்து செய்தாலும் பெற்றோர் மனசில் அது ரத்தாகவில்லை. சுவரெல்லாம் புதிது, தமிழ் மீடியத்தில் மட்டும் ஆள் குறைவு. எனக்குத் தெரிந்த வரை இந்த எல்லை ஊர்களில் பள்ளிக்கூடத்தின் சுவர் வளர்வதும் தமிழ் வகுப்பு சுருங்குவதும் ஒரே சமயத்தில் நடக்கிறது.

---

ஏழாம் வகுப்பு அம்மா எழுதியது:

நான் இந்தப் பள்ளியின் பி.டி.ஏ.வில் (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) இருக்கிறேன், அதனால் சொல்கிறேன், கட்டடத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதியதில் தப்பு என்ன அண்ணா? நான் படித்தபோது ஷிஃப்ட் முறை. ரூம் போதாது. காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது, அதனாலேயே மாசத்தில் நாலு நாள் லீவு போட்டவர்கள் நாங்கள். இன்றைக்கு என் பெண் அப்படி லீவு போடுவதில்லை. கட்டடம் என்று நீங்கள் சொல்வது எங்களுக்கு அது.

2017 ஜனவரியில் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கினார்கள். கேரளம் முழுக்க 4,752 பள்ளிகளில் எட்டு முதல் பன்னிரண்டு வரை 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கினார்கள். அதில் எங்கள் பள்ளியும் ஒன்று. அதற்கு முன்னால் எங்கள் தெருவிலிருந்து பத்துப் பிள்ளைகள் மஞ்சள் வேனில் தனியார் பள்ளிக்குப் போனார்கள். இங்கே இங்கிலீஷ் டிவிஷனும் தொடங்கியதால்தான் ஆறு பேர் திரும்பி வந்தார்கள். அந்த ஆறு பேர் வராவிட்டால் பள்ளியே இல்லாமல் போயிருக்கும், அப்புறம் எதற்கு வரலாறு?

என் பெண்ணை நானும் இங்கிலீஷ் டிவிஷனில்தான் சேர்த்தேன். ஆனால் முதல் மொழி தமிழ் எடுத்திருக்கிறாள். பாடம் இங்கிலீஷில் படிக்கட்டும், தமிழும் எழுதப் படிக்கத் தெரியட்டும், மலையாளமும் வரட்டும். இதில் யாருக்கு என்ன துரோகம் செய்துவிட்டேன்?

---

பனங்காட்டுக்காரன் எழுதியது:

தங்கச்சி, உங்களைக் குறை சொல்லி ஒரு வார்த்தை எழுதவில்லை. கழிவறை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, ஆண் பிள்ளையாகப் படித்ததால் தோன்றவில்லை. அது வரலாற்றில் கண்டிப்பாக வர வேண்டும், நீங்களே எழுதிக் கொடுங்கள், ஷிஃப்ட் முறையையும் சேர்த்து.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தமிழ் மீடியத்துக்குப் புத்தகம் எப்போது வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நான் ஒன்பதாவது படித்த வருஷம் ஏ டிவிஷனுக்கு ஜூனிலேயே புத்தகம் வந்துவிட்டது, எங்களுக்கு சமூகப் பாடப் புத்தகம் ஓணம் பரீட்சை முடிந்துதான் வந்தது. அதுவரை சார் மலையாளப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் நோட்டில் எழுதினோம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 40 பேரும் எழுதினோம், 40 நோட்டும் ஒரே மாதிரி இருக்காது, அவரவர் காதில் விழுந்தது. என் நோட்டில் "ஜனாதிபத்யம்" என்று இருக்கிறது, ஓரத்தில் பிறகு பென்சிலால் "மக்களாட்சி" என்று எழுதியிருக்கிறேன். அப்படிப் படித்தவர்கள் பத்தாவது பாஸ் பண்ணினோம். மொத்தம் 600, பாஸுக்கு 210. அந்த 210ஐ எட்ட எங்கள் சார் ராத்திரி எட்டு மணி வரை பெட்ரோமாக்ஸ் வைத்து டியூஷன் எடுத்தார், ஒரு பைசா வாங்கவில்லை.

இதுவும் அந்தப் பள்ளி வளர்ந்த கதைதானே. கட்டடம் நாலு பக்கம் இருக்கட்டும். இதற்கு ஒரு பக்கம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

---

விளவங்கோட்டுக்காரர் எழுதியது:

நான் தமிழ்நாட்டுப் பக்கத்து எல்லை, கன்னியாகுமரி மாவட்டம். 1956க்கு முன்னால் நாங்கள் திருவிதாங்கூர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் மதராஸுக்கு வந்த அதே நாளில்தான் உங்கள் பாலக்காடு கேரளத்துக்குப் போனது. எங்கள் ஊரில் உங்கள் கதை தலைகீழாக நடந்தது. இங்கே மலையாள மீடியம் பிள்ளைகளுக்குத்தான் டிவிஷன் தேய்ந்தது. 2006ல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16ல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. என் கூட்டுக்காரன் வீட்டில் மலையாளம் பேசுகிறவன், அவன் மகன் பரீட்சையில் தமிழ்த்தாள் எழுத வேண்டி வந்து தவித்ததைப் பார்த்தேன். கேரளத்தில் 2017ல் பத்தாவது வரை மலையாளம் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது உங்கள் பக்கத்துத் தமிழர் பட்ட கவலை எனக்கு அவன் முகத்தில் முன்பே தெரிந்தது. நான் தமிழன், தமிழ் எல்லாரும் படிப்பதில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஒரு பிள்ளை தன் தாய்மொழி எழுத்தைப் பள்ளிக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும் என்றால் அது எந்தப் பக்கத்து எல்லையில் நடந்தாலும் வலிக்கிறது.

சரி, உங்கள் இழையை வேறு பக்கம் இழுக்கவில்லை. தொடருங்கள்.

---

தண்டவாள மணி எழுதியது:

மணியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆபீஸ் வராந்தாவில் ஒரு துண்டுத் தண்டவாளம் தொங்கும், இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். கள் இறக்கிக்கொண்டிருந்த எங்கள் அப்பா பனைமேல் இருந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டு, நான் வகுப்புக்குப் போய்விட்டேனா என்று தெரிந்துகொள்வார். லேட்டாகப் போனால் மரத்தின்மேல் இருந்தே கூப்பிட்டுத் திட்டுவார், ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்ப்பார்கள்.

அப்புறம் கஞ்சியும் பயறும். எல்.பி.யில் படிக்கும்போது மத்தியானம் அதுதான். 1982ல் தமிழ்நாட்டில் சத்துணவு வந்ததும் எல்லையில் இருக்கிற கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த என் சித்தி பிள்ளைகள் "எங்களுக்குச் சோறு" என்று பெருமை பேசுவார்கள். எங்கள் பயறில் தேங்காய்ச் சில்லு கிடக்கும், அது அவர்களுக்குக் கிடையாது. பித்தளை அண்டாவிலிருந்து ஊற்றிய அக்காவின் பெயரும் மலரில் வர வேண்டும், அவருக்கு மாணவர் எல்லாருடைய வீட்டு நிலைமையும் தெரியும், வீட்டில் அடுப்பெரியாத பிள்ளைக்கு ஒரு அகப்பை கூடுதலாக விழும்.

---

ரிட்டயர்டு டீச்சர் எழுதியது:

ஏழாம் வகுப்பு அம்மாவுக்கு: இங்கிலீஷ் டிவிஷனில் சேர்த்தாலும் முதல் மொழி தமிழ் எடுக்க வைத்தீர்களே, அதற்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஹை ஸ்கூலில் மொழி டீச்சர் போஸ்ட் பீரியட் கணக்கில்தான் நிற்கும். பீரியட் குறைந்தால் முழுநேர டீச்சர் பார்ட் டைம் ஆவார், அப்புறம் தினக்கூலி டீச்சர், அப்புறம் அந்த நாற்காலியே இருக்காது. உங்கள் பெண்ணும் அவள் தோழிகளும் தமிழ் எடுப்பதால்தான் அந்த டைம் டேபிளில் தமிழ் என்று எழுதியிருக்கிறது. ஆனால் பி டிவிஷன் என்பது வேறு. அதில் கணக்கும் தமிழில் நடக்கும், சயின்ஸும் தமிழில் நடக்கும். தமிழ் ஒரு பாடமாக இருப்பதற்கும் தமிழில் பாடம் நடப்பதற்கும் உள்ள தூரத்தை நான் வகுப்பில் நின்று பார்த்தவள். கல்லு வண்டி அடித்தவர்கள் கேட்டது இரண்டாவதை. இரண்டையும் காப்பாற்ற வேண்டும், ஒன்றைக் காட்டி மற்றதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

கலோற்சவத்தையும் (பள்ளிப் பிள்ளைகளின் கலைவிழா) மறக்காதீர்கள். 1957ல் எர்ணாகுளத்தில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலோற்சவத்தில் இன்றைக்குத் தமிழ்ச் செய்யுள் சொல்லுதலும் தமிழ்ப் பேச்சும் போட்டியாக இருக்கிறது. ஜில்லா அளவில் நான் கூட்டிப் போன ஒரு பையன், வீட்டில் மலையாளம் பேசுகிறவன், பி டிவிஷன் நண்பர்களோடு திரிந்தே தமிழ் பிடித்துக்கொண்டவன். மேடையேறிப் புறநானூற்றுப் பாட்டு ஒன்றை ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னான். நடுவர் ஆச்சரியப்பட்டு "எந்த ஊர்?" என்று கேட்டார். "சித்தூர்" என்றான். "ஆந்திராவா?" என்று கேட்டார் அவர்.

---

பனங்காட்டுக்காரன் எழுதியது:

டீச்சர், இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று குழு கூடியது. நீங்கள் எல்லாரும் எழுதியதை அச்செடுத்துக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். ஆறாவது நாள் கதையைப் படிக்கும்போது ஹெச்.எம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தமிழ் டிவிஷனுக்கு மூன்று பக்கம் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். ஷிஃப்ட், கழிவறை பற்றித் தங்கச்சி எழுதித் தருவது தனி. தண்டவாளத் துண்டு பழைய ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் கிடைத்துவிட்டது, விழா நாளில் அதைத்தான் அடிக்கப் போகிறோம். கஞ்சி ஊற்றிய அக்காவின் வீட்டுக்கு நாளை போகிறேன்.

பழைய அட்மிஷன் ரெஜிஸ்டரைப் பார்க்கவும் அனுமதி கிடைத்தது. தொடக்கப் பக்கங்களில் தாய்மொழி என்ற கட்டத்தில் ஒரே பேனாவால் தமிழ், மலையாளம், தமிழ், தமிழ், மலையாளம் என்று கீழே வரை எழுதியிருக்கிறார்கள். பெயர்கள் மட்டும் மலையாள வழக்கத்தில் மாறியிருக்கின்றன. பழனிச்சாமி எல்லாரும் பளனிஸ்வாமி. அதே எழுத்துத்தான் எஸ்.எஸ்.எல்.சி. புக்கிலும் ஏறி, பென்ஷன் வரை பின்னாலேயே வந்திருக்கும். மலரில் அவர்கள் வீட்டில் கூப்பிட்ட பெயரைத்தான் போடப் போகிறோம். அதற்கு அந்தப் போட்டோவில் இருப்பவர்கள் யார் என்று தெரிய வேண்டும். இதுவரை நாலு பேரைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

---

ஏழாம் வகுப்பு அம்மா எழுதியது:

அண்ணா, போட்டோவைப் பெரிதாக்கி வீட்டில் காட்டினேன். முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவது, ஒற்றை ஜடையை முன்னால் போட்டுக்கொண்டு நிற்பது என் மாமியார். இத்தனை வருஷத்தில் பி டிவிஷனில் படித்தேன் என்று ஒரு நாள்கூட எங்களிடம் சொன்னதில்லை. போட்டோ எடுத்த அன்றைக்குக் கட்டிய தாவணி பக்கத்தில் நிற்கிறவளிடம் இரவல் வாங்கியது என்று சொல்லிச் சிரிக்கிறார்.

---

பனங்காட்டுக்காரன் எழுதியது:

தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஸ்கூலுக்கு அவங்களைக் கூட்டிக்கொண்டு வாங்க. தாவணி கொடுத்தவங்க பெயரை இப்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.